காலாப்பட்டிலிருந்து நேர் தெற்கே: கடல்நாய் திரும்பி வந்தது, ஆவுளியா திரும்புமா?

இந்த எபிசோடு, நேயர் ஒருத்தர் வாய்ஸ் மெசேஜ்ல அனுப்பின கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. "அண்ணா, வீடியோல எல்லாம் பாக்கறேன். கடற்கரையில சீலும் கடல்சிங்கமும் கூட்டம் கூட்டமா படுத்துக் கிடக்கு. ஜனங்க டிக்கெட் வாங்கிட்டுப் போய்ப் பாக்கறாங்க. நம்ம காலாப்பட்டுக்கு அதெல்லாம் ஏன் வர்றதில்ல?"

நான் காலாப்பட்டுல நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன். இப்பவும் லேப்டாப்பை மூடி வச்சுட்டு நடக்கப் போறது அந்தக் கரையிலதான். அங்க நான் பார்த்திருக்கிறது நண்டு, நாய், வலை சரிபண்ற ஆளுங்க, சீசன்ல சில நாள் செத்து ஒதுங்கிக் கிடக்கிற ஆமை. சீல் கிடையாது. "இல்லை, இங்க வர்றதில்லை"ன்னு ஒரே வரியில பதில் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா காரணம் தேடிப் போனா, மெட்ராஸ் கவர்னரா இருந்த ஒருத்தர், சீனாவுக்குப் போன தோல் மூட்டைகள், புதுச்சேரி முற்றுகை, பாக் விரிகுடாவுல மேயற ஒரு விலங்கு எல்லாம் ஒரே கோட்டுல வந்து நிக்குது. கோடுன்னு பேச்சுக்குச் சொல்லலைங்க. நிஜமாவே மேப்புல ஒரு கோடு.

முதல்ல பேர்

சீலுக்குத் தமிழ்ல கடல்நாய்னு பேர் வச்சிருக்கோம். சங்கப் பாடல்கள்ல வர்ற நீர்நாயோட இதைக் குழப்பிக்க வேண்டாம். நீர்நாய் ஆத்துல மீன் பிடிக்கிற விலங்கு, காவிரியில இன்னைக்கும் இருக்கு. கடல்நாய்ங்கிறது நம்ம கரையில இல்லாத ஒரு விலங்குக்குப் பின்னாடி வச்ச பேர்.

கடல்சிங்கம் இன்னொரு குடும்பம். அடையாளம் ரொம்ப சுலபம். கடல்சிங்கத்துக்கு வெளியில தெரியற மாதிரி சின்னக் காதுமடல் இருக்கும், துடுப்புக் காலை ஊன்றித் தரையில நடக்கும். அசல் சீலுக்குக் காதுமடல் கிடையாது. தரைக்கு வந்தா வயித்தால புழு மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சுதான் போகும். ஃபர் சீல்னு ஒண்ணு இருக்கு. பேர்ல சீல்னு இருந்தாலும் அது கடல்சிங்கத்துக்குச் சொந்தம். அதோட மேல்மயிருக்குக் கீழ பஞ்சு மாதிரி அடர்ந்த இன்னொரு மயிர் இருக்கு. இன்னைக்குக் கதையில முக்கால்வாசி வினை அந்த மயிராலதான்.

இந்த விலங்குகளுக்கு வேண்டியது, பொதுவா, குளிர்ந்த தண்ணி, அதுல நெருக்கமா மீன். கலாபகோஸ் பூமத்தியரேகை மேலயே இருந்தும் அங்க கடல்சிங்கம் இருக்குதேன்னு கேப்பீங்க. அங்க குளிர் நீரோட்டம் வந்து சேருது. நம்ம வங்காள விரிகுடாவோட மேல்தண்ணி வருஷம் பூரா வெதுவெதுப்புதான். வழிதவறின ஒண்ணு ரெண்டு சீல் எப்பவாவது வெப்பக் கடலுக்கு வந்துடும், அவ்வளவுதான். குடும்பம் நடத்த வராது.

5,500 கிலோமீட்டர்

அப்படின்னா காலாப்பட்டுக்குப் பக்கத்துல இருக்கிற சீல் எங்க இருக்கு? பூமி உருண்டை மேல ரெண்டு புள்ளிக்கு நடுவுல எவ்வளவு தூரம்னு கண்டுபிடிக்கிற சூத்திரத்தைப் பைத்தான்ல பத்து வரியில எழுதிடலாம். எழுதிப் பார்த்தேன்.

ஆகாய மார்க்கமா அளந்தா முதல் பதில் ஈரானுக்கு வடக்கே இருக்கிற காஸ்பியன் கடல். அங்க காஸ்பியன் சீல்னு தனி இனமே இருக்கு. சுமார் 3,900 கி.மீ. ஆனா அது சுத்தி நிலம் சூழ்ந்த கடல். அங்கிருந்து ஒரு சீல் கிளம்பினா லாரியிலதான் வரணும்.

கடல் வழியாத் தேடினா விடை நேர் தெற்கே வருது. காலாப்பட்டு கிட்டத்தட்ட 80 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில இருக்கு. அங்கிருந்து ஸ்கேலை வச்சு நேராக் கீழ கோடு இழுங்க. கோடியக்கரையைத் தொட்டு, பாக் விரிகுடாவைக் கடந்து, மன்னார் பக்கமாப் போய், கொழும்பு வழியா இறங்கும். அதுக்கப்புறம் வெறும் கடல். பூமத்தியரேகையைத் தாண்டி, மொத்தம் 5,500 கி.மீ. போனா, கோட்டுக்குக் கொஞ்சம் மேற்கே ரெண்டு குட்டி எரிமலைத் தீவு வரும். சான் பால், ஆம்ஸ்டர்டாம். அங்க ஃபர் சீல் இருக்கு, ஆயிரக்கணக்குல.

அந்தத் தீவு ரெண்டும் இன்னைக்கும் பிரான்சுக்குச் சொந்தம். 1954 நவம்பர் 1-ல பிரான்ஸ் புதுச்சேரி நிர்வாகத்தை இந்தியாகிட்ட ஒப்படைச்சுது. அடுத்த வருஷம், 1955 ஆகஸ்ட் 6-ல, இந்த ஆளில்லாத் தீவுகளையும் இன்னும் தெற்கே இருக்கிற கெர்கெலனையும் சேர்த்து ஒரு தனி ஆட்சிப்பகுதியா அறிவிச்சுது. ஜனங்க இருந்த ஊர் கையை விட்டுப் போச்சு, சீல் இருக்கிற தீவு கையில இருக்கு.

1793: மெட்ராஸ் கவர்னரும் தோல் வேட்டைக்காரரும்

1793 பிப்ரவரி தொடக்கத்துல 'லயன்'ங்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பல் சான் பால் தீவுல நங்கூரம் போட்டுது. கப்பல்ல இருந்தவர் லார்டு மெக்கார்ட்னி. சீனப் பேரரசர் சியென்லுங்கைப் பார்க்கப் போற முதல் பிரிட்டிஷ் தூதுக்குழுவுக்குத் தலைவர். நம்ம ஊருக்கு அவர் புதியவர் இல்ல. 1781-ல இருந்து 1785 வரைக்கும் மெட்ராஸ் கவர்னரா இருந்தவர். கூட வந்த செயலாளர் ஸ்டான்டனும் மெட்ராஸ்ல அவர்கிட்ட வேலை பார்த்தவர்தான், திப்பு சுல்தானோட 1784 மங்களூர் ஒப்பந்தம் பேசப் போனவர்.

ஆளே இருக்காதுன்னு நினைச்ச தீவுல அஞ்சு பேர் இருந்தாங்க. அவங்களுக்குத் தலைவர் பெரோன்ங்கிற பிரெஞ்சுக்காரர். மொரீசியஸ்ல இருந்து, அப்ப அதுக்கு இல் து பிரான்ஸ்னு பேர், வந்த ஒரு கப்பல் அவங்களை இறக்கி விட்டுட்டுப் போயிருந்துது. வேலை இதுதான்: சீல் அடிக்கணும், தோல் உரிக்கணும், காய வைக்கணும். 25,000 தோல் சேர்க்கணும்னு இலக்கு. சந்தை, சீனாவோட காண்டன் துறைமுகம், இன்னைக்குக் குவாங்சோ.

வெயில் காயக் கரையேறுற விலங்கு அது. மனுஷனைப் பார்த்தா ஓடணும்னு அதுக்குத் தெரியாது, ஏன்னா அதோட பரம்பரையில யாரும் மனுஷனைப் பார்த்ததில்ல. துப்பாக்கி தேவையில்ல, தடி போதும். அஞ்சே பேரை வச்சு 25,000 தோல்னு ஒருத்தர் திட்டம் போட முடிஞ்சுதுன்னா வேலை எவ்வளவு சுலபம்னு புரிஞ்சுக்கங்க.

இதுல ஒரு திருப்பம் பாருங்க. 1793 பிப்ரவரி 1-ல பிரான்ஸ் பிரிட்டன் மேல போர் அறிவிச்சுது. தீவுல இருந்த ரெண்டு தரப்புக்கும் அது தெரிய வழியே இல்ல. அந்தப் போர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தப்ப பிரிட்டிஷ் படை புதுச்சேரியை முற்றுகை போட்டு ஆகஸ்ட்ல பிடிச்சுது. பிரான்சுக்கு ஊர் திரும்பக் கிடைச்சது 1816-ல. பெரோனைக் கூட்டிட்டுப் போக வேண்டிய கப்பலும் வரவே இல்ல. மனுஷன் மூணு வருஷத்துக்கு மேல அந்தத் தீவுலயே கிடந்து, 1795 கடைசியிலதான் ஒரு இங்கிலீஷ் கப்பல்ல ஏறினார். பின்னாடி 1824-ல தன்னோட நினைவுக் குறிப்பைப் புத்தகமாப் போட்டார்.

பெரோன் போனாலும் வேட்டை நிக்கல. வெவ்வேற நாட்டுக் கப்பல்கள் வந்துகிட்டே இருந்துது. 19-ஆம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள அந்த ரெண்டு தீவுலயும் சீல் கிட்டத்தட்ட இல்லாமப் போச்சு. வேட்டையை நிறுத்தினது இரக்கம் இல்ல, கணக்கு. தேடிப் போற கப்பல் செலவுக்குக்கூடத் தோல் கிடைக்கல. ஆள் நடமாட்டம் நின்னதும், எங்கேயோ பாறை இடுக்குல தப்பிச்ச கொஞ்சம் விலங்கு திரும்பக் குட்டி போட ஆரம்பிச்சுது. 20-ஆம் நூற்றாண்டுல மறுபடி கூட்டம் சேர்ந்து, இப்ப பல்லாயிரம்.

கொன்ன இடமே பார்க்கிற இடம்

இதே கதை உலகம் பூரா நடந்திருக்கு. நேயர் வீடியோல பார்த்த மாதிரி இடங்கள் பலதும் பழைய கொலைக்களம்தான்.

ஆபீஸ் வேலையா ஒரு தடவை கலிஃபோர்னியா போயிருந்தப்ப, சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே ஆன்யோ நுவேவோங்கிற கடற்கரைப் பூங்காவுக்குப் போனேன். டிசம்பர் நடுவுல இருந்து மார்ச் கடைசி வரைக்கும் அங்க வழிகாட்டி இல்லாம உள்ள விட மாட்டாங்க. மணல்மேடு வழியா நடந்து போனா, முதல்ல சத்தம்தான் கேக்கும். பழைய புல்லட்டை ஸ்டார்ட் பண்ணிப் பண்ணி நிறுத்துற மாதிரி ஒரு உறுமல். அப்புறம் மேட்டுக்கு அந்தப் பக்கம் யானைச் சீல் படுத்துக் கிடக்கும். ஆண் ஒவ்வொண்ணும் ரெண்டு டன் வரும், மூக்கு தும்பிக்கை மாதிரி தொங்கும். 25 அடிக்குக் கிட்ட போகக்கூடாதுன்னு விதி. எங்க கூட்டத்துல யாரும் போக ஆசைப்படல.

அந்த விலங்கை எண்ணெய்க்காகக் கொன்னாங்க. கொழுப்பை உருக்கினா விளக்குக்கும் இயந்திரத்துக்கும் ஆகும். 1880-கள்லயே எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சாங்க. 1892-ல அமெரிக்க அருங்காட்சியகத்துக்காக மெக்சிகோவோட குவாதலூப் தீவுக்குப் போன குழு ஒன்பது யானைச் சீலைக் கண்டுபிடிச்சுது. கண்டுபிடிச்சு என்ன பண்ணாங்க தெரியுமா? அதுல ஏழைக் கொன்னாங்க. அழியப்போற இனமாச்சே, பாடமாவது பண்ணி வைப்போம்னு. அதிர்ஷ்டவசமா வேற சிலது கடலுக்குள்ள இருந்துருக்கு. மிஞ்சினது நூறுக்கும் கீழன்னு மதிப்பிடறாங்க. 1922-ல மெக்சிகோ அரசு வேட்டைக்குத் தடை போட்டுது. அப்புறம் அமெரிக்காவும் பாதுகாப்புக் கொடுத்துது. 1961-ல ஆன்யோ நுவேவோவுல முதல் குட்டிகள் பிறந்துது. இன்னைக்கு அந்த இனம் ரெண்டு லட்சத்துக்கும் மேல.

நூறுல இருந்து ரெண்டு லட்சம். நூறு வருஷம். கொல்றதை நிறுத்து, கரையை விட்டுக்கொடு, அது தானா வரும். இதைக் கேட்டா மனசுக்கு ரொம்ப இதமா இருக்கு இல்ல? அந்த இதத்தோட எபிசோடை முடிச்சிருக்கலாம். ஆனா எல்லா விலங்கும் இப்படித் திரும்பி வர்றதில்ல.

திரும்பி வராத ஒண்ணு

1741-ல விட்டஸ் பெரிங்கோட ரஷ்யக் கப்பல் வட பசிபிக்ல ஒரு தீவுல மோதி நின்னுது. கப்பல்ல ஸ்டெல்லர்னு ஒரு இயற்கை ஆய்வாளர் இருந்தார். ஸ்டெல்லர் கடல்சிங்கம்னு இன்னைக்குச் சொல்ற இனத்துக்கு அவர் பேர்தான். அந்தத் தீவோரம் கடல்பாசி மேய்ஞ்சுகிட்டு இருந்த ஒரு பிரம்மாண்ட விலங்கையும் அவர் விவரிச்சு எழுதினார். எட்டு மீட்டர் வரைக்கும் நீளம், பல டன் எடை, பல் கிடையாது, யாரையும் தொந்தரவு பண்ணாது. அதுதான் ஸ்டெல்லர் கடல்பசு.

அவங்க தப்பிச்சு ஊர் போய்ச் சேர்ந்ததும் ரோமத்துக்காக வேட்டைக் கப்பல்கள் அந்தத் தீவுகளுக்குக் கிளம்பிச்சு. குறி வச்சது கடல் நீர்நாயையும் ஃபர் சீலையும். கடல்பசுவை யாரும் விக்கறதுக்குத் தேடல. அது சாப்பாடு. குளிர்காலம் பூரா தங்கற வேட்டைக்காரங்களுக்கு இறைச்சி. 1768-ல கடைசிக் கடல்பசு போச்சு. கண்டுபிடிச்சு 27 வருஷம்.

இங்க கவனிங்க. குறி வச்ச ஃபர் சீல் தப்பிச்சுது. 1911-ல அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா, ஜப்பான் நாலும் அதுக்காக ஒப்பந்தமே போட்டாங்க. குறி வைக்காத கடல்பசு அழிஞ்சுது. காரணம் வேகம். ஒரு பெண் சீல் நாலஞ்சு வயசுல ஆரம்பிச்சா வருஷத்துக்கு ஒரு குட்டி போடும். கடல்பசு குடும்பம் அப்படி இல்ல.

அந்தக் குடும்பத்துல இன்னைக்கு உயிரோட இருக்கிறது ஒரே ஒரு இனம். அது மேயற இடம் நம்ம கோட்டு மேலயே இருக்கு.

ஆவுளியா

காலாப்பட்டுல படகைக் கரையேத்திகிட்டு இருந்த ஒருத்தர்கிட்ட கேட்டேன். "ஆவுளியா பார்த்திருக்கீங்களா அண்ணே?" சிரிச்சார். "இங்க ஏது தம்பி? அதெல்லாம் கோடியக்கரைக்கு அந்தாண்ட. அங்கதான் புல்லு இருக்கு."

கச்சிதமான பதில். கோடியக்கரையைத் தாண்டினா பாக் விரிகுடா. ஆழம் குறைச்சல், அலை குறைச்சல், வெயில் அடிமண் வரைக்கும் இறங்கும். அதனால கடலுக்கடியில புல்வெளி. பாசி இல்லைங்க, வேர் இருக்கு, பூ பூக்கும். அதை மேயற விலங்குதான் கடல்பசு. நம்ம கரையில ஆவுளியான்னும் சொல்வாங்க. மூணு மீட்டர் வரைக்கும் வளரும், முந்நூறு நானூறு கிலோ வரும், ஒரு நாளைக்கு முப்பது கிலோவுக்கு மேல புல் தின்னும். யானைக்குத் தூரத்துச் சொந்தம். ஆணுக்குச் சின்னத் தந்தம்கூட உண்டு. நம்ம மாதிரியே நுரையீரல், அதனால சில நிமிஷத்துக்கு ஒரு தடவை மூக்கை மட்டும் மேல நீட்டி மூச்சு வாங்கிட்டு இறங்கிடும். கரையேறவே ஏறாது.

பழைய காலத்துல இதைப் பார்த்தவங்க கடற்கன்னின்னு நினைச்சாங்க. இலங்கையில காலனி ஆட்சிச் செயலாளரா இருந்த எமர்சன் டென்னன்ட், 1861-ல வந்த தன்னோட புத்தகத்துல ஒரு பழைய சேதியைச் சொல்றார். 1560-ல மன்னார்ல மீனவங்க வலையில ஏழு 'கடற்கன்னி' மாட்டிச்சாம், கோவா வைஸ்ராயோட வைத்தியர் அறுத்து ஆராய்ஞ்சு மனுஷ உடம்பு மாதிரியே இருக்குன்னாராம். தாய் முன்துடுப்புக்குப் பக்கத்துல பால் கொடுக்கும். அதைத் தூரத்துல இருந்து பார்த்தா ஒரு பொம்பளை குழந்தையை அணைச்சு வச்சிருக்கிற மாதிரி தோணலாம்னு சொல்றாங்க.

1959-ல இருந்து பத்து வருஷத்துக்கும் மேல, மண்டபத்துல இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துல ரெண்டு ஆவுளியாவைத் தொட்டியில வளர்த்தாங்க. இந்தியாவுல இந்த விலங்கைக் கிட்ட இருந்து தொடர்ந்து கவனிச்சது அங்கதான். வெளியில, அதே காலத்துல, ராமநாதபுரக் கரையில அதோட இறைச்சி சந்தைக்கு வந்துகிட்டு இருந்துது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில சேர்த்ததும் வேட்டை குற்றமாச்சு. இன்னைக்கு இந்தியாவுல பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா, கட்ச் வளைகுடா, அந்தமான் நிக்கோபார்னு நாலு இடத்துல மட்டும் இருக்கு. எல்லாம் சேர்த்தே சில நூறுதான்.

2022 செப்டம்பர் 21-ல தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரமா 448 சதுர கி.மீ. பரப்பை இந்தியாவோட முதல் கடல்பசு பாதுகாப்பகமா அறிவிச்சுது. அதுல 122 சதுர கி.மீ. சொச்சம் கடல்புல். அந்தக் கரையில மனோரா கோபுரம் இருக்கு தெரியும்ல? நெப்போலியனைப் பிரிட்டிஷ்காரங்க தோற்கடிச்சதுக்கு ஞாபகமா சரபோஜி மன்னர் 1814-15-ல கட்டினது. 1793-ல ஆரம்பிச்சு, பெரோனைத் தீவுல விட்டு, புதுச்சேரியைக் கைமாத்தின போர் வரிசையோட முடிவுக்கு நம்ம கரையில நிக்கிற கல்வெட்டு அது. இப்ப அதே மனோராவுலதான் ஆவுளியாவுக்கு ஒரு சர்வதேச மையம் கட்டறதா அரசு அறிவிச்சிருக்கு.

பத்துங்கிற எண்

இப்ப வேட்டை இல்ல, சட்டம் இருக்கு, பாதுகாப்பகமும் இருக்கு. யானைச் சீல் மாதிரி ஆவுளியாவும் தானா வந்துடுமா?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பெண் ஆவுளியா முதல் குட்டி போடறதுக்கு ஆறு வயசுல இருந்து பதினேழு வயசு வரைக்கும் ஆகலாம். வயித்துல சுமக்கிறதே ஒரு வருஷத்துக்கு மேல. ரெண்டு குட்டிக்கு நடுவுல மூணுல இருந்து ஏழு வருஷம். நடுவாந்திரமா, பத்து வயசுல ஆரம்பிச்சு அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணுன்னு வைங்க. இருபது வயசுக்குள்ள மூணு குட்டி. நாலு வயசுல ஆரம்பிச்சு வருஷத்துக்கு ஒண்ணு போடற யானைச் சீல், அதே இருபது வயசுக்குள்ள பதினாறு, பதினேழு வரைக்கும் போக முடியும்.

எல்லாம் நல்லபடியா நடந்தாலும் ஆவுளியாக் கூட்டம் வருஷத்துக்கு சுமார் 5 சதவீதத்துக்கு மேல வளராதுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. ஒரு கடல்பகுதியில 200 இருக்குன்னு வைங்க. 5 சதவீதம்னா வருஷத்துக்குப் பத்து கூடும். அந்த 200, 400 ஆக 14 வருஷம். அதே கூட்டத்துல, இயற்கையாச் சாகிறது போக, வருஷத்துக்குப் பத்து வலையில சிக்கி மூச்சு முட்டிச் செத்தா? வளர்ச்சி பூஜ்யம். பதினஞ்சு செத்தா கூட்டம் குறைய ஆரம்பிச்சுடும். யாரும் தடி எடுக்க வேணாம், யாரும் தோல் விக்க வேணாம். ஒரு மாசத்துக்கு ஒண்ணு தெரியாம மாட்டினாலே போதும்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கு. சீல் கரையேறுது. எத்தனை வந்துது, எத்தனை குட்டின்னு கரையில நின்னு எண்ணலாம். குறைஞ்சா கண்ணுக்குத் தெரியும், கூடினா டிக்கெட் போட்டுக் காட்டலாம். அதைப் பார்க்க ஜனம் வரும், அதுல ஊருக்கு வருமானம் வரும், அதனால காப்பாத்த ஆள் சேரும். ஆவுளியாவுக்கு இந்தச் சங்கிலியில முதல் கண்ணியே இல்ல. லாக் எழுதாத சர்வர் மாதிரி. ஓடுதா நின்னுடுச்சான்னு, செத்து ஒதுங்கினா மட்டும்தான் வெளியில இருக்கிறவனுக்குத் தெரியும்.

அதைத் தினம் பார்க்கக்கூடிய ஒரே ஆள், அந்தக் கடல்ல வலை போடற மீனவர். வலையில சிக்கினதை உயிரோட விடணும்னா பெரும்பாலும் வலையை அறுக்கணும். அந்த நஷ்டம் அவரோடது. இந்த நிலைமையில "மீனவர்கள் விழிப்புணர்வு பெற வேண்டும்"னு ஏசி ரூம்ல உக்காந்து சொல்றது சுலபம். வலையை அறுத்து விட்டவங்களுக்கு வனத்துறையும் டேராடூன்ல இருக்கிற இந்திய வனவிலங்கு நிறுவனமும் சான்றிதழும் பரிசுத்தொகையும் கொடுத்துகிட்டு வர்றாங்க. அதைத் தர்மம்னு பார்க்காம, ஒரு வேலைக்குக் கூலின்னு பார்க்கணும்ங்கிறது என் கருத்து. கலிஃபோர்னியாவுல மணல்மேட்டுல நின்னு வழிகாட்டுறவங்க செய்யற அதே வேலையை, இங்க தண்ணி மேல, ராத்திரியில, தன் வலையைப் பணயம் வச்சு இவர் செய்யறார். கணக்குல இருக்கிற அந்தப் பத்தை அஞ்சாவோ ரெண்டாவோ குறைக்கிறது அவர் கையில இருக்கிற கத்திதான். அதுக்குக் கொடுக்கிற காசு ஒரு புது வலை வாங்கக் காணணும், தாமதமில்லாம வரணும்.

புல்லுக்கும் இதே கதை. விசைப்படகோட இழுவலை அடிமண்ணை வாரிக்கிட்டுப் போனா புல் வேரோட போயிடும். சீலுக்கு ஒரு பாறை போதும், சாப்பாட்டை வெளிக்கடல்ல தேடிக்கும். ஆவுளியா அந்தப் புல்லை விட்டா வேற எங்க போகும்? அதனால இங்க தடைச்சட்டம் பாதி வேலைதான். மீதி, புல்லும் வலையும்.

கடைசியா, கேள்வி கேட்ட நேயருக்கு. காலாப்பட்டுல காட்டு விலங்கு ஒண்ணு கரையேறுறதைப் பார்க்கணும்னா உங்களுக்கு வாய்ப்பு இருக்கு. ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் நம்ம கரையில பங்குனி ஆமை முட்டையிட வரும். ராத்திரியில, டார்ச் அடிக்காம, வனத்துறை ஆளுங்களோட இல்லைன்னா ஆமை நடை நடத்துற தன்னார்வலர்களோட போங்க. ஆவுளியாவைப் பார்க்கறதுக்குன்னு படகு எடுத்துத் துரத்திட்டுப் போகாதீங்க. அது மூச்சு வாங்க மேல வர்றப்பதான் படகு அடிபடும்.

அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், கட்டுமாவடி, தொண்டி, பாம்பன் பக்கத்து நேயர்கள் யாராவது கேட்டுகிட்டு இருந்தா ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுல தாத்தா, பெரியப்பா யாராவது ஆவுளியாவைப் பார்த்திருந்தா, எந்த இடத்துல, எந்த வருஷம், ஒண்ணா கூட்டமா, குட்டி இருந்துதான்னு கேட்டு, அவங்க குரல்லயே பதிவு பண்ணி அனுப்புங்க. அவங்க காலத்துக் கடல்ல எத்தனை இருந்துதுன்னு சொல்ல வேற ஆவணம் அதிகம் இல்ல. வந்ததை எல்லாம் வருஷவாரியா அடுக்கி ஒரு தனி எபிசோடாப் போடறேன்.

அடுத்த வாரம் பேசுவோம்.